முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை

"தூரத்துல இருந்தே எய்ஞ்சிருச்சு டாக்டர்!" முகமெல்லாம் முள்ளோடு நாயைத் தூக்கி வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். எத்தனை பேருக்கு மறுத்துச் சொன்னாலும் அடுத்த மாதம் இன்னொருவர் அதையே சொல்லிக்கொண்டு வருகிறார். படித்தவர்களும் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முள்ளம்பன்றியால் ஓரடி தூரத்துக்குக்கூட முள்ளை எறிய முடியாது. முள் என்பது தடித்து இறுகிய மயிர். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். குளிரில் நமக்கு மயிர் சிலிர்க்கிறதே, அந்தத் தசையைப் போன்றதுதான் அதன் அடியிலும் இருக்கிறது. தசை சுருங்கினால் முள் நிமிரும், அவ்வளவுதான். தோலில் இறுக்கமில்லாமல் நிற்பதால், உடலை உதறும்போது ஒன்றிரண்டு உதிர்வதுண்டு. அதைக் கண்டவர்கள் கட்டிய கதை இது. எய்ப்பன்றி என்ற பெயரும் அதற்குத் துணைபோகிறது. அரிஸ்டாட்டிலே இப்படி எழுதிவைத்தார்; 2,300 ஆண்டுகள் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டிருக்கலாமா?

உண்மையில் அது முதலில் எச்சரிக்கும். காலால் தரையைத் தட்டும், உறுமும், வாலிலுள்ள உள்ளீடற்ற முட்களைக் கலகலவென்று ஆட்டும். அப்போதும் நாய் விலகாவிட்டால்தான் முதுகைக் காட்டிப் பின்பக்கமாகப் பாயும். குத்திய முள் கழன்று நாயின் உடலில் தங்கிவிடும். நான் பிடுங்கிய முட்கள் எல்லாம் மூக்கில், தாடையில், நெஞ்சில், முன்னங்காலில் இருந்தவை. விலகி ஓடிய நாயின் முதுகில் ஒரு முள்ளைக்கூட நான் கண்டதில்லை.

புலிக்கும் இதே கதிதான். முக்தேசரில் ஆட்கொல்லியான பெண்புலி, முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்ததையும், அதன் வலது முன்னங்காலில் சுமார் 50 முட்கள் தைத்திருந்ததையும் ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். பாதத்தின் அடியிலும் முள் இருந்ததாம். எய்த முள் உள்ளங்காலில் எப்படித் தைக்கும்? ஓங்கி அறைந்த காலில்தான் தைக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பன்றி இல்லை. எலி, அணில் வகை கொறிவிலங்கு. முள்ளில் விஷம் கிடையாது, அழுக்கால்தான் சீழ் பிடிக்கிறது. முள்ளின் முனையில் கொக்கி இருப்பது வட அமெரிக்க இனத்துக்கு, நம் ஊர் இனத்துக்கு இல்லை. முள்ளை வெட்டினால் காற்று போய் எளிதாக வரும் என்பதும் தவறு. வெட்டினால் பிடிக்க இடமிருக்காது. முள் பிளந்து சிராய் உள்ளேயே தங்கும்.

இரைப்பையைக் காயவைத்துத் தின்றால் வீசிங் போகும் என்று நம்பி இன்னும் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். அந்த இரைப்பையில் இருப்பது அது தின்ற கிழங்கும் மரப்பட்டையும். வீசிங்குக்கு இன்ஹேலர் இருக்கிறது. குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் இதைத் தேடி அலைவது கொடுமை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வேட்டை குற்றமும்கூட.

முள்ளம்பன்றி இரவில்தான் வெளியே வரும். மரவள்ளிக் காட்டுக்குக் காவல் என்று இரவில் அவிழ்த்துவிட்ட நாய்கள்தான் என் மேசைக்கு வருகின்றன. பொழுது சாய்ந்ததும் நாயைக் கட்டுங்கள். முள் தைத்துவிட்டால் வீட்டில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் பிடுங்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும்.