பகைவர் நாட்டுக் குழந்தைகளும் ஒரு தொண்டு நிறுவனமும்

அன்புள்ள தங்கைக்கு,

போரும் பஞ்சமும் தாக்கிய இடங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்லும் தொண்டு நிறுவனங்கள் இரக்கம் ஒன்றினால் மட்டும் இயங்குவதில்லை. யாருக்கு உதவுவது, எதை அளவுகோலாகக் கொண்டு உதவுவது என்று அவை எடுத்த முடிவுகளே அவற்றின் இயல்பை உருவாக்குகின்றன. 1919-ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய ‘சேவ் த சில்ட்ரன்’ என்னும் குழந்தைகள் நல அமைப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தபோதிலும், எதிரி நாடுகளின் துறைமுகங்களுக்குச் சரக்குக் கப்பல்கள் செல்லாதபடி பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் விதித்திருந்த கடல் முற்றுகை உடனே விலக்கப்படவில்லை. அதனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உணவுத் தட்டுப்பாடு நீடித்தது. வியன்னா போன்ற நகரங்களில் குழந்தைகள் பசியாலும், காசநோயாலும், எலும்புகள் வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோயாலும் நலிந்தனர்.

இக்கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் எக்லன்டைன் ஜெப், அவருடைய தங்கை டாரதி பக்ஸ்டன் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்ற ஜெப், கேம்பிரிட்ஜ் நகர மக்களின் வாழ்நிலையை ஆராய்ந்து 1906-இல் நூலொன்று வெளியிட்டவர். 1913-இல் பால்கன் போர்களால் சிதைந்த மாசிடோனியாவுக்கு நிவாரணப் பணிக்காகச் சென்று, அகதிகளின் துயரை நேரில் கண்டவர். 1919-இல், மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் அச்சிட்ட துண்டறிக்கைகளை இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கியபோது, தணிக்கை அதிகாரிகளின் அனுமதி பெறவில்லை என்பதற்காக அவர் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் விதித்தது. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் பாட்கினே அத்தொகையை அவரிடம் அளித்தார். அதே ஆண்டு மே 19 அன்று ஆல்பர்ட் மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் ‘சேவ் த சில்ட்ரன்’ நிதி தொடங்கப்பட்டது.

போரில் மகனையோ கணவனையோ இழந்த குடும்பங்கள் நிறைந்த நாட்டில், பகைவரின் பிள்ளைகளுக்காகப் பணம் கேட்பது எளிதாக இருக்கவில்லை. தேசமும் சமயமும் பாராமல் தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது என்ற கொள்கையை, மனிதநேயப் பணியாளர்கள் பாரபட்சமின்மை என்று குறிப்பிடுவர். இந்நிறுவனம் அக்கொள்கையின் மீதே எழுந்தது. 1921-இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் கடும் பஞ்சம் ஏற்பட்டபோது, பிரிட்டனில் பலரும் வெறுத்த போல்ஷெவிக் (பொதுவுடைமை) ஆட்சியின் கீழிருந்த சராத்தோவ் வட்டாரக் குழந்தைகளுக்கு அது உணவுச்சாலைகளை நடத்தியது. இதற்கான பணத்தைத் திரட்டுவதில் செய்தித்தாள் விளம்பரம், பஞ்சக் காட்சிகளைக் காட்டும் திரைப்படம் ஆகிய அக்காலப் புதுமைகளையும் ஜெப் தயங்காமல் பயன்படுத்தினார்.

எனினும் கொடையாளரின் மனம் இளகும்போது மட்டும் கிடைக்கும் உதவி நிலையற்றது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, வளர்ச்சிக்கான வாய்ப்பு, பசிக்கு உணவும் நோய்க்குக் கவனிப்பும், இடர்க்காலத்தில் மற்றவருக்கு முன்பாக உதவி பெறுதல், சுரண்டலிலிருந்து பாதுகாப்பு, பிறருக்குப் பயன்படும் மனப்பாங்கோடு வளர்க்கப்படுதல் ஆகியவற்றைக் கூறும் ஐந்து கோட்பாடுகளை அவர் வகுத்தார். நாடுகளின் கூட்டமைப்பாக அன்று இருந்த சர்வதேச சங்கம், 1924 செப்டம்பர் 26 அன்று அவற்றை ஜெனீவா பிரகடனமாக ஏற்றது. பிரகடனம் என்பது நெறியை அறிவிப்பது. உடன்படிக்கையோ, ஏற்ற நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஜெப் 1928-இல் மறைந்தார்; 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை நிறைவேற்ற, இந்தியா 1992-இல் அதில் இணைந்தது.

தங்கையே, நிவாரணத்தைச் சலுகையாகக் கருதும் சமூகம் கொடுத்ததை எண்ணிப் பெருமைப்படும். உரிமையாகக் கருதும் சமூகமோ கொடுக்காமல் விட்டதற்குப் பதில் சொல்லும். இரண்டாம் வகைச் சமூகத்தை உருவாக்குவதே உன் தலைமுறையின் கடமை. அந்த உடன்படிக்கையைப் படித்தறிவது அதற்கு நல்ல தொடக்கமாகும்.