கயிறு பிடிக்க ஆள் இருக்கா?

உங்கள் பிள்ளையோ, ஏன், வீட்டுக்காரரோ ஒருநாள் வந்து, "டிரையத்லான் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்பீர்களா? அவசரப்பட்டுத் தடுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கூட யார் வர்றாங்க?"

ஏன் இந்தக் கேள்வி என்கிறீர்களா? முதலில் போட்டி என்ன என்று பார்த்துவிடுவோம்.

அம்மாடி, இவ்வளவு தூரமா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதுதான் டிரையத்லான். கோவாவில் 2019-ல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியில் 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். தூத்துக்குடிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரிய வேண்டுமானால், சைக்கிளில் திருச்செந்தூர் போய்த் திரும்பினாலும் இன்னும் 10 கி.மீ. பாக்கி இருக்கும்! முழு அயர்ன்மேன் இதைப்போல இரு மடங்கு. அதில் சைக்கிள் மட்டுமே 180 கி.மீ., அதாவது தூத்துக்குடியிலிருந்து மதுரையையும் தாண்டிப் போகிற தூரம்.

இந்தப் போட்டி பிறந்தது 1978-ல், ஹவாயில். 15 பேர் இறங்கி, 12 பேர் முடித்தார்கள். சாப்பாடு, தண்ணீருக்கெல்லாம் அவரவரே துணைக்கு ஆள் கூட்டிவர வேண்டும். ஓட்டத்தில் முன்னிலையில் இருந்த ஜான் டன்பாருக்கு வழியில் துணைவர்களிடம் இருந்த தண்ணீர் தீர்ந்துபோய், அவர்கள் பீரைக் கொடுத்துவிட்டது பிரசித்தமான கதை. ஜெயித்தது கார்டன் ஹாலர். துணை இருந்தால் மட்டும் போதாது, விஷயம் தெரிந்த துணையாக இருக்க வேண்டும்.

முத்துக்குளித்துறை சொல்லும் பாடம்

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பாடமா? இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம்மவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். அந்த நாளில் ஒரு தோணியில் குளிப்பவர்கள் பத்துப் பேர் என்றால், மேலே கயிறு பிடிக்கவும் பத்துப் பேர் இருப்பார்கள். ஐந்து பேர் கடலுக்குள் இறங்கும்போது மற்ற ஐந்து பேருக்கு ஓய்வு. கல்லின் பாரத்தில் கீழே போனவர், ஒரு நிமிடம் போல மூச்சடக்கிச் சிப்பி அள்ளிவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் உடனே இழுப்பார்.

கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மச்சான்தான் என்று கடற்கரையில் சொல்வார்கள். தங்கச்சியின் தாலியை நினைத்தாவது கயிற்றை விட்டுவிட மாட்டானாம்! தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் பாடம் நிற்கவில்லை. 1994-ல் 12 வயதில் பாக் நீரிணையை நீந்திய குற்றாலீஸ்வரனுக்கும் பக்கத்தில் படகு போனது. நீந்துவது ஒருவர், பார்த்துக்கொள்வது இன்னொருவர்.

உடம்பு பொய் சொல்லும்!

தனக்கு என்ன நடக்கிறது என்று தனக்கே தெரியாதா என்று நினைக்கலாம. நீண்ட தூரப் போட்டிகளில் உண்மையாகவே தெரியாமல் போகும். காரணம், ஆபத்து முதலில் தாக்குவது மூளையைத்தான்.

வெப்பத் தாக்கு வந்தால் உடல் வெப்பம் 40 டிகிரி செல்ஷியசைத் தாண்டும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சண்டைகூடப் போடுவார்.

இன்னொன்று, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். இது தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் தண்ணி குடி" என்று ஊற்றினால் ஆபத்து கூடும்.

மூன்றாவது நீச்சல். டிரையத்லானில் நேர்கிற மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நேர்கின்றன. மறைந்திருக்கும் இதயக் கோளாறு அதற்கு ஒரு முக்கியக் காரணம். தண்ணீருக்குள் மயங்கியவர் கத்த மாட்டார், கையும் ஆட்ட மாட்டார். பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு ஜோடிக் கண்தான் அவருக்குக் கயிறு.

துணைவர் என்ன செய்யணும்?

1. கடலில் தனியாக விடாதீர்கள். குறைந்தது இருவர் நீந்த வேண்டும், பக்கத்தில் படகு வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் தொப்பியும் மிதவையும் அவசியம். கப்பல் வரும் வழிப்பக்கம் போகவே கூடாது. நீரோட்டத்தையும், சொறி என்கிற ஜெல்லிமீன் நடமாட்டத்தையும் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

2. நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோக்காரருக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் தண்ணீர் போதவில்லை. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டார். தாகத்துக்குத் தக்கபடி குடிப்பதே நல்ல வழி. உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

3. நடுவில் பேச்சுக் கொடுங்கள். "இன்னிக்கு என்ன கிழமை? எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" பதிலில் தடுமாற்றம் இருந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

4. வெப்பத் தாக்கு என்று தோன்றினால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

5. மூச்சடக்கும் பந்தயம் வேண்டாம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனால், முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரும்.

போட்டி நாளில் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். வெளியாட்கள் தண்ணீர், சாப்பாடு நீட்டினால் போட்டியாளருக்குத் தண்டனை கிடைக்கலாம். அதை வழியிலேயே போட்டி நடத்துபவர்கள் வைத்திருப்பார்கள். கூட்டாளியின் சைக்கிளை ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவாக ஓட்டவும் கூடாது. ஆனால் நீச்சலில் களைத்தவர், முன்னேறாமல் இருக்கும்வரை காவல் படகைப் பிடித்து மூச்சு வாங்கலாம். அது அவமானமில்லை, விதியே அனுமதிப்பது. மூன்று பேர் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து முடிக்கும் குழுப் போட்டியும் உண்டு. முதல் தடவை இறங்குபவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான்!

நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே டாக்டரிடம் போய் இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டும். சிறுநீர் அதிகம் போகச்செய்யும் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு பயிற்சி கூடவே கூடாது. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். கடலில் இறங்கினால் அதைவிட அதிகமாக வேண்டும். ஆகவே பிள்ளை பேர் கொடுத்திருந்தால், கூட வருகிறவர்களை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். மேலே இருக்கிற ஐந்தையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்!