ஒருவர் இடத்தில் இருவர்

ஆனைமலை,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பாட்டும் கிட்டாரும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அவனை மாதிரியே ஒருத்தன் கிடைக்காவிட்டால் பாண்டைக் கலைத்துவிடலாம் என்கிறாய். ‘அவனை மாதிரியே’ என்கிற தேடலை முதலில் நிறுத்து, சாமி.

டெல்லியில் 1990-இல் தொடங்கிய ‘இந்தியன் ஓஷன்’ பாண்டைக் கேட்டிருப்பாய். நர்மதைப் போராட்டத்தில் இருந்த ராகுல் ராம் பேஸ் கிட்டார், சுஸ்மித் சென் கிட்டார், அமித் கிலம் டிரம்ஸ். அசீம் சக்ரவர்த்தி மட்டும் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தபலா வாசித்தபடியே பாடுவார். 2000-இல் வந்த ‘கந்தீசா’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பாடும் பழைய துதி.

வாசித்தபடியே பாடுவது லேசான காரியமில்லை. நம் பக்கம் அண்ணன்மார் கதை பாடும் உடுக்கைக்காரரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இடது கை கயிற்றை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும், வலது கை விரல் தட்டும், வாய் கதை சொல்லும். மூச்சு நீளும் இடத்தில் தாளம் தானாகக் காத்திருக்கும். யாரும் யாருக்கும் சைகை காட்ட வேண்டியதில்லை. எல்லாம் ஒரே உடம்பு.

2009 டிசம்பர் 25-ஆம் தேதி மாரடைப்பில் அசீம் போய்விட்டார். பாட்டும் தாளமும் ஒரே நாளில் போயின. அந்த இடத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர்: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. ஒரே மூச்சில் நடந்த வேலையை இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நடத்த வேண்டும். உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் ஒட்டவே இல்லை. அசீமைத் தேடிக்கொண்டே கேட்டால் எப்படி ஒட்டும்?

அவர் இருந்தபோதே பதிவான பாட்டுகளை அவர்கள் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பல வருஷம் ஒத்திகை பார்த்த கரோல்பாக் வீட்டின் முகவரியான ‘16/330 கஜூர் ரோடு’ என்ற பெயரிலேயே, 2010 ஜூலை தொடங்கி மாதம் ஒன்றாக ஏழு பாட்டுகளை இணையத்தில் இலவசமாக விட்டார்கள். போனவரின் குரல் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. மேடையில் புதியவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்.

2013-இல் சுஸ்மித் சென்னும் விலகினார். பாண்டைத் தொடங்கிய அசீம், சுஸ்மித் இருவருமே இப்போது அதில் இல்லை! நிகில் ராவ் கிட்டாருக்கு வந்தார். 2014-இல் ‘தண்டனு’ ஆல்பத்துக்கு வெளி ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், கஞ்சிரா வி. செல்வகணேஷும் வயலின் குமரேஷும் அதில் உண்டு. ஏசி/டிசி பாண்டு 1980 பிப்ரவரியில் தன் பாடகர் பான் ஸ்காட்டை இழந்து, அந்த ஜூலையிலேயே புதுப் பாடகரோடு ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு வழிதான். ஆனால் அவர்களுக்குப் பாடகர் இடம் மட்டும்தான் காலி. உங்களுக்கு அப்படி இல்லையே.

உங்கள் பழைய பதிவில் நாலாவது பாட்டை எடுத்துக்கொள். அந்தப் பையன் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் சட்டென்று நிற்கிறது. கை ஓய்ந்ததால் வந்த நிறுத்தம் அது; யாரும் யோசித்து வைத்ததில்லை. இனி பாடுகிறவன் வேறு, வாசிக்கிறவன் வேறு என்றால் அங்கே கிட்டார் நிற்கத் தேவையில்லை. என்ன வாசிக்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் இங்கே வாருங்கள். தேங்காய்க் களம் காலியாகத்தான் கிடக்கிறது. ஆம்ப்ளிஃபயர் எதுவும் தூக்கி வர வேண்டாம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி வட்டமாக உட்கார்ந்து, அந்த நாலாவது பாட்டை மட்டும் வாசித்துப் பார்ப்போம். சித்தி சந்தகை பிழிகிறேன் என்கிறாள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா