சிப்பியில் விழுந்த துளை

சென்ற கோடை விடுமுறையில் இராமேசுவரம் போய்வந்த என் பேத்தி ஒரு பை நிறையச் சிப்பி கொண்டுவந்தாள். கடலே இல்லாத இந்த நாகபுரியில் சிப்பிக்குத் தனி மதிப்பு! அதில் ஒன்றைக் காட்டி, "தாத்தா, இதில் யார் துளை போட்டார்கள்?" என்றாள். "அலையில் உருண்டு தேய்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். "அலை தேய்த்தால் இவ்வளவு வட்டமாகவா இருக்கும்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். ரயில்வேயில் இரும்பையும் கல்லையும் துளைத்துப் பழகிய எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

சிப்பி, சங்கு, பவளப்பாறை மூன்றும் ஒரே பொருளால் ஆனவை. அதுதான் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருள். ஒரு சிப்பியை வினிகரில் போட்டுப் பாருங்கள், நுரைத்துக் கரையும். அமிலத்துக்கு இது ஆகாது. இந்தப் பலவீனத்தைக் கடல் உயிர்கள் மனிதனுக்கு முன்பே கண்டுகொண்டன. அவை சுண்ணாம்புப் பாறையையும் ஓட்டையும் குடைவதை 'உயிரின அரிப்பு' என்கிறார்கள்.

சிப்பியில் ஒரே ஒரு துளை, மேலே அகன்று உள்ளே குறுகியிருந்தால், அது ஒருவகை நத்தையின் வேலை. அமிலத்தால் ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டி, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். சல்லடை போலப் பல துளைகள் இருந்தால் அது கடல்பஞ்சு குடைந்தது. உணவுக்காக அல்ல, குடியிருக்கத்தான் அது குடைகிறது. துகளைச் சுற்றிலும் மட்டும் அமிலத்தால் அறுத்து, துகளை முழுசாகப் பெயர்த்து வெளியே தள்ளுகிறது. கிணறு வெட்டுகிறவர் முழுப்பாறையையும் பொடியாக்காமல் கல்லாகப் பெயர்த்தெடுப்பதைப் போன்ற சிக்கனம் இது.

இத்தாலியில் பொசுவோலி என்ற ஊரில் பழைய ரோமானியச் சந்தையின் 3 பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அடியிலிருந்து சுமார் 12 அடிக்கு மேலே, ஏறக்குறைய 9 அடி உயரத்துக்கு அவற்றைக் கடற்சிப்பிகள் துளைத்திருக்கின்றன. சிப்பி தரைக்கு ஏறி வந்து துளைக்காதே! அந்த நிலம் ஒரு காலத்தில் கடலில் தாழ்ந்து, மறுபடி உயர்ந்திருக்க வேண்டும். இந்தத் தூண்களின் படத்தைத்தான் சார்லஸ் லயல் 1830-இல் தம் நிலவியல் நூலின் முகப்பில் போட்டார்.

பவளப்பாறையில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்வது கிளிமீன். கிளி மூக்குப் போன்ற வாயால் பாறையைக் கடித்து, தொண்டையிலுள்ள பற்களால் அரைத்து, பாசியைச் செரித்துவிட்டு, மிச்சத்தை வெண்மணலாகக் கழிக்கிறது. இந்த இனத்திலேயே பெரிதான, நெற்றி புடைத்த மீன் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 5 டன் பாறையை அரைக்கிறது. மாலத்தீவின் வக்காரு தீவில் 2015-இல் வெளியான ஆய்வு, பாறைத்திட்டில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் தந்தது என்கிறது. அந்தத் தீவே அந்த மணலால் ஆனது!

அப்படியானால் அரிப்பு நல்லதா, கெட்டதா? ரயில் பாதையில் தேய்மானம் இருந்துகொண்டேதான் இருக்கும். பராமரிப்பு அதைவிட வேகமாக நடக்கும்வரை வண்டி ஓடும். பவளத்திட்டும் அப்படித்தான். உயிருள்ள பவளப்பூச்சிகள் கட்டுகின்றன, மற்றவை குடைகின்றன. கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தால் கட்டுமானம் நின்றுவிடும், குடைவது நிற்காது. குடைகிறவர்களை ஒழித்தாலும் ஆபத்துதான். கரீபியன் கடலில் பாறையைச் சுரண்டித் தின்னும் கடல் முள்ளெலிகள் 1983-இல் நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. உடனே பாசி மண்டிப் பவளத்தை மூடியது.

நம் மன்னார் வளைகுடாவில் இந்தக் கணக்கை மனிதனே கெடுத்தான். சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளப்பாறையை வெட்டினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. 2001-இல்தான் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

பேத்தியின் பையில், கரையில் பொறுக்கிய வெண்பவளத் துண்டு ஒன்றும் இருந்தது. சட்டப்படி அதை எடுக்கவே கூடாது. "செத்ததுதானே தாத்தா?" என்றாள். "செத்ததுதான். ஆனால் அது அரைபட்டு மணலாகித் தீவில் சேர வேண்டியது. இனி எடுக்காதே" என்றேன். இந்த முறை அவள் திருப்பிக் கேட்கவில்லை.