மரத்தூள் கொதிகலனா, புகைபோக்கி அடுப்பா?

கேள்வி: கனடாவில் ஒரு பழங்குடி ஊர் மரத்தூளை எரித்தே வீடுகளைச் சூடேற்றுகிறதாமே? எங்கள் மலையடிவாரப் பளியர் வீடுகளுக்கும் அது ஆகுமா?
– வாசகர், தென்காசி

பதில்: செய்தி உண்மைதான். கியூபெக்கில் க்ரீ மக்களின் ஊஜே-பூகுமூவில், 1990களிலேயே பக்கத்து மர அறுவை ஆலையின் தூளைக் கொதிகலனில் எரித்து, குழாய் வழியே வீடுதோறும் வெந்நீர் அனுப்பினார்கள். அங்கே உறைபனி. குற்றாலச் சாரல் எவ்வளவு நடுக்கினாலும் கொதிகலன் கேட்காது.

இங்கே விறகு சமையலுக்கும் வெந்நீருக்கும்தான். தொல்லை புகை. மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பங்கு பாத்திரத்தைத் தொடாமலே போய்விடும். ஆனி, ஆடியில் விறகும் நனைந்துவிட்டால், அதன் ஈரத்தை ஆவியாக்கவே சூடு செலவாகிறது. எரியாத மிச்சம் புகையாகி, அடுப்படியில் இருக்கும் பெண்கள், குழந்தைகளின் நெஞ்சில் இறங்குகிறது. இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அநியாயம். புகைபோக்கி வைத்த அடுப்பும், விறகு நனையாமல் அடுக்க ஒரு கொட்டகையும்தான் முதல் தேவை. 2016இல் வந்த உஜ்வலா திட்ட எரிவாயுவும் நல்லதே. ஆனால் சிலிண்டர் மலையடிவாரம்வரை வந்து சேர வேண்டும்.

விறகு பொறுக்கும் உரிமையையும் மறக்க வேண்டாம்: 2006 வன உரிமைச் சட்டத்தின் சிறு வனப்பொருள்களில் சுள்ளியும் அடக்கம். உரிமை கோராத பளியர் குடும்பங்கள் உங்கள் பக்கம் இருந்தால், கிராம சபையில் மனு கொடுக்கத் துணை நில்லுங்கள்.