மண்ணுக்குள் இரு சிற்றுழைப்பாளிகள்

ஐப்பசி மழைக்குப் பின் எருக்குழியின் மேல்மட்கைக் கிளறிப் பாருங்கள். எள்ளிலும் சிறிய உயிர்கள் சில துள்ளும். சில மெல்ல ஊரும். பயிரைத் தின்னும் பூச்சி என்று எண்ணி மருந்துத் தூளை எடுத்துவிடாதீர்கள்.

அடையாளம்

துள்ளுவதைத் 'துள்ளுவாலி' என்று இங்கே குறிப்போம். இதற்கு ஆறு கால்கள், மெல்லிய தோல், இறக்கை கிடையாது. வயிற்றின் அடியில் மடக்கி வைத்துள்ள கவையை நிலத்தில் அடித்து எகிறும். பெரும்பாலானவை 1 முதல் 3 மி.மீ. நீளமே.

ஊர்வது ஓட்டுச் சிலந்திப்பேன். வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள். அளவு 1 மி.மீ.க்கும் குறைவு. பழுப்பு ஓடு விதைபோல் பளபளக்கும். பருத்தி இலையில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தி இதற்கு உறவுதான். ஆனால் தொழில் வேறு.

வேலை

துள்ளுவாலி பூசணத்தை மேயும். சிலந்திப்பேன் பூசணத்துடன் சருகையும் மென்று பொடியாக்கும். இவற்றின் எச்சத்தை நுண்ணுயிர்கள் மேலும் சிதைப்பதால் தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது.

பனியும் கரிசலும்

மண்புழு அரிதான வடதுருவக் குளிர் மண்ணிலும் இவ்விரண்டும் ஏராளம். பனிமேல் துள்ளும் ஒரு வகையின் உடலில் உறைவதைத் தடுக்கும் புரதம் இருப்பதைக் கனடா அறிஞர்கள் 2005 இல் வெளியிட்டனர்.

ஆலங்குளம் கரிசலில் பனி இல்லை, வறட்சியே எதிரி. மண் காய்ந்தால் மென்தோல் துள்ளுவாலி விரைவில் மடியும்; ஈரம் கிடைத்தால் சில வாரங்களில் மீண்டும் பெருகும். சிலந்திப்பேன் ஓட்டின் துணையால் வறட்சியை ஓரளவு தாங்கும். ஆனால் மெதுவாகவே பெருகும். நெருப்பாலோ நஞ்சாலோ அழிந்தால், மீள நெடுநாள் ஆகும்.

நீங்களே பார்க்கலாம்

ஒரு புனலில் கொசுவலைத் துண்டை வைத்து, சருகு கலந்த ஈரமண் ஒரு கைப்பிடி இடுங்கள். கீழே சிறிது நீருள்ள வெள்ளைக் கிண்ணம் வையுங்கள். மேலே சூடு தரும் குண்டு பல்பை எரிய விடுங்கள். மண் மேலிருந்து காயக் காய, உயிர்கள் கீழிறங்கிக் கிண்ணத்தில் விழும். இத்தாலியர் பெர்லீசு 1905 இல் வெந்நீர்ச் சூட்டைக் கொண்டு செய்த முறையே பின்னர் விளக்குக்கு மாறியது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் கால்களை எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. மக்காச்சோளத் தட்டையை வயலில் எரிக்காமல் மட்கச் செய்யுங்கள்.

2. பருத்திக்கு எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் இடுங்கள்.

3. தேவை உறுதியானால் மட்டுமே குருணை மருந்தை மண்ணில் இடுங்கள்.

4. காளான் படுக்கையில் மட்டும் துள்ளுவாலி தொல்லை தரலாம். அங்கே தூய்மை காக்கவும்.

ஐயம் எழுந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தை அணுகிப் பயன் பெறுங்கள்.