கண்ணாடிப் படத்தை யார் ஒட்டுவது?

ராயப்பேட்டை

அன்புள்ள மகளுக்கு,

உன் ‘தண்ணீர்’ பாடக்குறிப்பையும் பிள்ளைகள் எழுதிய தாள்களையும் படித்து முடித்தேன். வகுப்பில் படக்குறி எதற்கு என்று நாம் இருவரும் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கு நேராக வருகிறேன்.

அந்தத் தூண் வைத்த கட்டடம் என்னத்துக்கு? பிள்ளைகள் பாடத்தை ஆழமாக யோசிக்கவென்று கலிஃபோர்னியாவில் சாண்ட்ரா கேப்லான் வகுத்த 11 குறிகளில் அது மையக் கருத்துக்கான சின்னம். உதடு என்றால் அந்தத் துறைக்கான சொற்கள், பூ என்றால் விவரங்கள், மூக்குக்கண்ணாடி என்றால் அடுத்தவர் பார்வை. பூவும் கண்ணாடியும் பீட்டர்ஸ் சாலைப் பிள்ளைக்கும் புரியும். கிரேக்கக் கோயில் முகப்பு எப்படிப் புரியும்? அதைச் சொல்லிப் புரியவைக்கவே பாதி பீரியட் போய்விட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். விளக்கவுரை கேட்கிற குறியைத் தூக்கிப் போடு.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் குறியை நீயே ஒட்டிவிட்டாய். “தண்ணீர் லாரி டிரைவர் என்ன நினைப்பார்?” என்று கேட்டு, பக்கத்தில் கண்ணாடிப் படமும் போட்டுவிட்டால் பிள்ளை யோசிக்க என்ன மிச்சம்? குறி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடி போட்டுப் பார்க்கணும் என்று கண்டுபிடிப்பதுதானே யோசனை! பார்க்கிற டீச்சரிடமெல்லாம் இதைத்தான் சொல்லி வருகிறேன், இன்னும் சலிக்கவில்லை.

வகுப்பில் படங்கள் நமக்குப் புதிதில்லை. 2003-இல் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ரிஷிவேலியிலிருந்து எடுத்துவந்த முறை அது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணியில் என்ன படமோ, அதே படம் போட்ட அட்டையைப் பிள்ளையே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். “அடுத்து என்ன டீச்சர்?” என்ற கேள்வியே நின்றுபோனது. சாதாரண விஷயமில்லை அது. ஆனால் அந்தப் படங்கள் வழிதான் காட்டின. யோசிக்க வைப்பது அவற்றின் வேலையும் இல்லை.

யோசனை நடந்தது பிள்ளைகளே எழுதும் கீழ்மட்டக் கரும்பலகையில். வீராணம் தண்ணீர் சென்னைக்கு வருவதற்கு முந்தைய வறட்சிக் காலம் அது. ஒரு பையன் குழாயடியும் வரிசையாகக் குடங்களும் வரைந்தான். நடுவில் ஒரு குடத்துக்குப் பதில் கல். ஏன்டா என்றேன். “அந்த அக்கா வேலைக்குப் போயிருக்கு டீச்சர். அதுக்குப் பதிலா கல்லு நிக்குது.” பக்கத்திலிருந்த பெண் விடவில்லை: “கல்லை யாராச்சும் நகத்திட்டா?” அன்று முழுக்க அதே பேச்சு. வரிசையில் இடம் யாருக்குச் சொந்தம், ஆள் இல்லாதபோது அவளுக்காக யார் பேசுவார்கள், லாரி வரும் நேரத்தில் வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள்... எந்த அட்டையிலும் இல்லாத பாடம் அது. சாக்பீஸ் அந்தப் பையன் கையில் இருந்ததால் வந்தது.

இப்போது நீ அனுப்பியவற்றில் கடைசித் தாளுக்கு வருகிறேன். மீந்துபோன கண்ணாடிப் படத்தை ஒரு சிறுமி தானே வெட்டி ஒட்டியிருக்கிறாள், லாரிக்குப் பக்கத்தில் இல்லை, தெருவின் கடைசி வீட்டுக்குப் பக்கத்தில். கீழே பென்சிலில், “லாரி இங்க வரும்போது எவ்ளோ தண்ணி மீதி இருக்கும்?” நீ கேட்காத கேள்வி! மகளே, என் சர்வீஸ் முழுக்க இப்படி ஒரு தாளுக்காகத்தான் வகுப்பெடுத்தேன். அதை எழுதத் துணிச்சல் வருகிற மாதிரி வகுப்பை வைத்திருக்கிறாயே, அது பெரிய டீச்சர்களுக்கே வராத வித்தை.

அடுத்த பாடம் நம் மணிக்கூண்டு என்று எழுதியிருக்கிறாய். கேள்வித்தாளில் ஒரு குறியும் ஒட்டாதே. படங்களை வெட்டிக் கிண்ணங்களில் போட்டுக் குழுவுக்கு ஒரு கிண்ணம் கொடு, வேண்டிய இடத்தில் அவர்களே ஒட்டட்டும், ஏன் அங்கே என்று மட்டும் கேள். தூண் கட்டடத்துக்குப் பதில் என்ன வரையலாம் என்பதையும் அவர்களிடமே விடு. என்ன வரைந்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் டீச்சர்